தவக்கால ஒழுங்குகளைத் தீர்மானிக்கும் முன்: பங்குச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ் மறைமாவட்டப் பங்குகளின் அருட்பணிச் சபை உறுப்பினர்களுக்கும், பக்திசபை, அன்பியப் பொறுப்பாளர்களுக்கும், உங்களை வழிநடத்தும் பங்குத்தந்தையருக்கும்,

அன்பு வணக்கம்.

2027இல் தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் திருநீற்றுப் புதன் பெப்ரவரி 10ஆம் திகதியே வந்துவிடுகிறது. நத்தார்க் குடிலைக் கலைத்து, பொங்கலும் கழிந்து ஆறியிருப்பதற்குள் தவக்காலம் வாசலில் நிற்கும். தை மாதக் கூட்டத்தில் நீங்கள் ஒழுங்குகளைத் தீர்மானிப்பீர்கள். எந்த வெள்ளி எந்த வட்டாரம் சிலுவைப்பாதையை நடத்துவது, ஒலிபெருக்கிக்கு யார் பொறுப்பு, தியானத்துக்கு எந்தக் குருவானவரை அழைப்பது, யாத்திரைக்கு எத்தனை பஸ், பாடுகளின் காட்சிக்கு ஒத்திகை எங்கே, பெரிய வெள்ளி ஊர்வலம் எந்த வீதியால் போவது என்று பேசுவீர்கள். இவையெல்லாம் உழைப்பைக் கேட்பவை. அந்த உழைப்பை நீங்கள் தொழிலையும் வீட்டு வேலையையும் ஒதுக்கிவைத்துச் சம்பளமின்றிக் கொடுக்கிறீர்கள் என்பதை அறிவேன், நன்றியோடு அறிவேன். அந்த நிரலில் இடம்பெறாத ஒரு விடயத்துக்காக அரை மணி நேரத்தைக் கேட்கவே இதை எழுதுகிறேன். அது நோன்பு.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளிடம் ஒருசந்தி என்றால் என்ன என்று கேட்பதுண்டு. "இறைச்சி சாப்பிடக்கூடாது" என்பார்கள். ஏன் என்றால் "இயேசு எங்களுக்காக இறந்தபடியால்" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் வராது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் எவரும் இல்லை. அவர்கள் காதில் விழுவதெல்லாம் பூசை முடிவில் வாசிக்கப்படும் இரண்டு வரி அறிவித்தல்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, சுத்தபோசன நாட்கள், தவக்கால வெள்ளிக்கிழமைகள் சுத்தபோசன நாட்கள். அடுத்த அறிவித்தல் சிரமதானம் பற்றியதாக இருக்கும். நோன்பு அங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தையாவது ஒருமுறை விரித்துச் சொல்லலாம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி 14 வயது நிறைந்தவர்கள் சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்த்தல், காக்க வேண்டும். 18 வயதிலிருந்து 59 வயது நிறையும் வரை ஒருசந்தி. ஒருசந்தி நாளில் வயிறாற ஒரு வேளை உண்ணலாம், மற்ற இரு வேளைகளில் சிறிது எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் கடமை. ஆண்டுக்கு இரண்டு நாள் ஒருசந்தி! இவ்வளவு சிறிதாக அது எப்படி ஆனது என்ற கதையும் பலருக்குத் தெரியாது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தொகுப்பில், ஞாயிறு தவிர்ந்த தவக்கால நாட்கள் எல்லாமே ஒருசந்தி நாட்கள். 1966 பெப்ரவரி 17ஆம் திகதி பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணைமடல்தான் அதைத் தளர்த்தியது. சுமையைக் குறைத்து மக்களை வீட்டுக்கு அனுப்பிவிட அவர் அதை எழுதவில்லை. மனந்திரும்புதல் கடவுள் கேட்கும் கடமை என்று அழுத்திச் சொல்லிவிட்டு, வெளிக்கட்டளையைக் குறைத்து, எஞ்சிய இடத்தைச் செபத்தாலும் நோன்பாலும் அன்புப் பணியாலும் நாமே விரும்பி நிரப்பும்படி விட்டார். நாமோ தளர்வை எடுத்துக்கொண்டோம். நிரப்பச் சொன்ன இடம் அறுபது ஆண்டுகளாக அப்படியே கிடக்கிறது.

இனி நம் கரையில் இந்தச் சட்டம் எப்படி நடைமுறையாகிறது என்பதைப் பார்ப்போம். சுத்தபோசனம் தடுப்பது இறைச்சியை மட்டும், மீனுக்குத் தடையில்லை. இறைச்சி விருந்துணவாகவும் மீன் எளிய உணவாகவும் இருந்த நாடுகளில் அந்த ஒழுங்குக்கு ஒரு பொருள் இருந்திருக்கும். குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் மாதகலிலும் மணற்காட்டிலும் அதற்கு என்ன பொருள்? மீன் நமக்குத் தொழில், அன்றாடச் சோறு, விருந்தாளி வந்தால் பெருமை. கோழியிறைச்சியைவிட அறக்குளா விலை கூடியது. வெள்ளி இரவு சிலுவைப்பாதை முடிந்து வீடு வந்து, நண்டும் இறாலும் கணவாயும் போட்ட ஒடியற்கூழைச் சுற்றிக் குடும்பமாக உட்கார்ந்தாலும் சட்டத்தின் ஓர் எழுத்துக்கூட மீறப்படவில்லை. ஒருவரும் பாவம் செய்யவில்லை. ஆனால் அந்த வெள்ளி அந்த வீட்டில் இருந்த எவரையும் தொடவும் இல்லை.

நம் பாட்டிமார் இதை உணர்ந்தேயிருந்தார்கள். தவக்காலம் முழுவதும் மச்சமே சமைக்காத கத்தோலிக்க வீடுகள் இங்கு இருந்தன. ஒருசில இன்றும் இருக்கின்றன. இறைச்சியோடு மீனும் முட்டையும் கருவாடும் நின்றுவிடும். அவர்களுக்கு எந்தச் சட்டமும் அப்படிக் கட்டளையிடவில்லை. எதை விட்டால் தங்களுக்கு வலிக்கும் என்பதைத் தாங்களே கண்டு விட்டார்கள். படிப்பறிவு குறைந்த அந்தப் பெண்கள் 1966ஆம் ஆண்டின் ஆணைமடல் கேட்டதை, அது எழுதப்படுவதற்கு முன்னரே செய்துகொண்டிருந்தார்கள் என்று எண்ணும்போது எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மதிப்பு உண்டாகிறது.

சுற்றிலும் பார்க்கவும் நமக்குக் கண் உண்டு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் மச்சம் புழங்காத சைவ வீடுகளுக்கு நடுவே வாழ்கிறோம். கந்தசஷ்டியின் ஆறு நாட்களும் பாலும் பழமும் மட்டும் எடுத்து, அல்லது மிளகும் நீருமாய் இருந்து, ஏழாம் நாள் பாறணை செய்பவர்கள் நம்மோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள். 2026இல் பெப்ரவரி 15 சிவராத்திரி, 18 திருநீற்றுப் புதன். ரமழான் நோன்பும் அதே வாரத்தில் தொடங்கியது. ஒரே ஊரில், ஒரே வாரத்தில், மூன்று சமயத்தார் நோன்பிருந்தோம். சோனகத் தெருவில் பள்ளிக்கூடப் பையன்கள் கொளுத்தும் வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் மாலை வரை இருந்தார்கள். அந்த நாட்களில் அயல்வீட்டு அக்கா ஒருவர் என்னிடம், "உங்கள் விரதத்தில் மீன் சாப்பிடலாமா?" என்று கேட்டார். குத்திக்காட்டும் எண்ணம் அவரிடம் சிறிதும் இல்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். "சாப்பிடலாம்" என்று சொன்னேன். அந்தப் பதில் சரியானது. அது போதாது என்பதும் எனக்குத் தெரிந்தது.

போட்டிக்காக இதைச் சொல்லவில்லை. யார் அதிகம் பட்டினி கிடக்கிறார் என்று அளந்து பார்ப்பவரல்ல கடவுள். திருநீற்றுப் புதனன்று நாம் வாசிக்கும் மத்தேயு 6ஆம் அதிகாரம், நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் தடவி, எவருக்கும் தெரியாமல் இரு என்றே சொல்கிறது. அந்த வாசகத்தில் இயேசு "நீங்கள் நோன்பு இருக்கும்போது" என்று பேசுகிறார். சீடர்கள் நோன்பிருப்பார்கள் என்பது அவருக்கு ஐயமில்லாத விடயமாக இருந்தது.

நோன்பு என்ற பேச்சை எடுத்தவுடன் இந்த மண்ணில் எழும் ஓர் எதிர்ப்பை நான் மதிக்கிறேன். ஐம்பது அறுபது வயதைக் கடந்தவர்கள், "நாங்கள் பட்ட பட்டினி போதாதா?" என்று கேட்கிறார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனியும் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் இல்லாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1995இல் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள். வன்னியில் உப்பில்லாக் கஞ்சிக்கு வரிசையில் நின்று, அந்த வரிசையிலேயே உறவுகளை இழந்தவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். 2022இல் எரிபொருளும் எரிவாயுவும் இல்லாமல் ஒரு நேரச் சமையலோடு நாட்களைக் கடத்திய குடும்பங்களுக்கு அந்த நினைவு இன்னும் ஈரமாக இருக்கிறது. இவர்களிடம் போய் "பசித்திருங்கள், புனிதராவீர்கள்" என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆனாலும் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு வெளிச்சம் இருக்கிறது. பட்டினி நம்மீது திணிக்கப்பட்டது. அதில் நமக்குத் தெரிவு இல்லை. மனிதரைச் சிறுமைப்படுத்தவே அது வந்தது. தவக்கால நோன்பில் உணவு மேசையில் இருக்கிறது, கை நீட்டினால் கிடைக்கும், அதை நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பது எனக்கும் கடவுளுக்கும் தெரியும். அந்தச் சிறிய சுதந்திரத்தைப் பயின்று பார்க்கத்தான் நாற்பது நாட்கள். உண்ணாமலிருந்து அதிகாரத்திடம் நீதி கேட்ட வரலாறும் நமக்கு உண்டு. 1987 செப்டெம்பரில் திலீபன் உண்ணாமலிருந்து இறந்ததை நல்லூர் வீதி மறக்கவில்லை. அந்த வழி வேறு, அதன் கனம் வேறு. தவக்கால நோன்பு எவரிடமும் எதையும் கேட்பதற்காக இருப்பதன்று. நம்மை நாமே அறிந்துகொள்ள இருப்பது.

உண்மையில் நோன்பு முதலில் காட்டித்தருவது அழகான காட்சியன்று. மதியம் ஒரு மணிக்கு வயிறு எரியும்போது பிள்ளைமேல் சீறுகிறேன். பஸ்ஸில் இடம் கொடுக்காதவரை மனதுக்குள் ஏசுகிறேன். கை தானாகத் தொலைபேசியைத் தேடுகிறது. சாப்பாட்டாலும் தேநீராலும் மூடி வைத்திருந்த எரிச்சல், பயம், பொறாமை எல்லாம் அன்றைக்கு மேலே வருகின்றன. பாலைநிலத்தில் இயேசுவுக்கு வந்த முதற்சோதனையும் அப்பத்தைப் பற்றியதே. வெளியே வந்ததைக் கண்டு பயந்து உடனே எதையாவது வாயில் போட்டு அடக்காமல், அதை அப்படியே செபத்துக்குள் கொண்டுபோக ஒருவர் சொல்லித்தர வேண்டும். தனியாக இதைக் கற்றுக்கொள்வது கடினம். பங்கு என்று ஒன்று இருப்பது இதற்காகவும்தானே?

சொல்லித்தரக்கூடியவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. தோலகட்டி என்றதும் யாழ்ப்பாணத்தில் எவருக்கும் நினைவு வருவது நெல்லிரசம். அந்தப் போத்தலுக்குப் பின்னால், அருட்தந்தை தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் செபமும் மௌனமும் உழைப்பும் இருப்பதை எத்தனை இளைஞர் அறிவர்? யுத்தம் அந்த ஆச்சிரமத்தையும் இடம்பெயரச் செய்தது. ஆனாலும் அந்தத் துறவு வாழ்வு அழிந்துவிடவில்லை. யாத்திரைக்காக தூர இடங்களுக்கு பஸ் பிடிப்பதற்கு முன், இளைஞர் ஒன்றியத்தை ஒரு நாள் அந்தத் துறவிகளிடம் அழைத்துச் செல்லுங்கள். சுற்றிப்பார்க்க வேண்டாம். அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் செபிக்கும்போது செபித்து, அவர்கள் பேசாதிருக்கும்போது பேசாதிருந்து வரட்டும்.

துறவிகளிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கின் 49ஆவது அதிகாரம் தவக்காலத்தைப் பற்றியது. ஒவ்வொருவரும் உணவிலோ பானத்திலோ உறக்கத்திலோ பேச்சிலோ சிறிதைக் குறைத்துக்கொண்டு, மகிழ்ச்சியோடு அதைக் கடவுளுக்குக் கொடுக்கட்டும் என்கிறார். அதோடு விடவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்பதை மடத்தின் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் ஆசியோடுதான் தொடங்க வேண்டும் என்கிறார். தனக்குத்தானே தீர்மானித்துச் செய்வது வீண்பெருமையில் முடியலாம் என்ற எச்சரிக்கை அவருக்கு. இதை நம் வீட்டுக்கும் ஊருக்கும் ஏற்ப எடுத்துக்கொண்டால் என்ன? தவக்காலத்தின் முதல் வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதே, இந்த ஆண்டு நான் இதை விடுகிறேன், இதைச் செய்கிறேன் என்று குருவானவரிடம் சொல்லலாம். குருவானவர்கள் போதாத பங்குகளில் மூத்த ஒருவரிடம் சொல்லலாம். கணவன் மனைவி தமக்குள் சொல்லலாம். சிலருக்கு அவர் "இது உனக்கு அதிகம், குறைத்துக்கொள்" என்பார். வேறு சிலரிடம், நீ விடவேண்டியது தேநீரை அல்ல, மாமியாரோடு பேசாதிருப்பதை என்பார். சொல்லாமல் தொடங்கிய எத்தனையோ தீர்மானங்கள் இரண்டாம் வெள்ளிக்கே காணாமல் போய்விடுகின்றன.

குருவானவர்கள் போதாத பங்கு என்றேன். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின்னர் இங்கு குருவானவர்களே இல்லாதிருந்தார்கள். கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டிருந்தது. 1687இல் யோசப் வாஸ் அடிகளார் ஏழைப் பரதேசியின் கோலத்தில் வந்து சேர்ந்து, சில்லாலையில் மறைந்திருந்து பணி செய்யும் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விசுவாசத்தை வீடுகளில் காத்தவர்கள் பொதுநிலையினர். அவருக்குப் பின் 1705இல் இந்தத் தீவுக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்கால இரவுகளில் நம் முன்னோர் படித்தார்கள், கேட்டவர்கள் அழுதார்கள். ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பசாம் படிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவதைவிட, ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு இளையவர்களை அவர்கள் பக்கத்தில் உட்காரவைப்பது நல்லது. பாடுகளின் நாடகமும் நம் சொத்து. 1965 முதல் திருமறைக் கலாமன்றமும், மரியசேவியர் அடிகளாரின் வாழ்நாள் உழைப்பும் அதை எந்த உயரத்துக்குக் கொண்டுபோயின என்பதை நாடு அறியும். நாடகத்தையும் ஊர்வலத்தையும் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவற்றைப் பார்த்துக் கண்கலங்கும் நாம், அடுத்த நாள் காலையில் எதைச் செய்வது என்று தெரியாமல் நிற்கிறோம். அதற்கு ஒரு கை கொடுங்கள் என்கிறேன்.

உடல்நிலை பற்றி ஒரு வார்த்தை. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நோயாளிகள் ஒருசந்தி இருக்கத் தேவையில்லை என்பதைப் பீடத்திலிருந்தே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெரிய வெள்ளி வெயிலில் இன்சுலின் ஏற்றிக்கொண்டு உண்ணாமல் மயங்கி விழும் அம்மாமார் இருக்கிறார்கள். உண்டால் பாவம் என்று பயந்து நிற்கிறார்கள். மெலிவதற்காகப் பட்டினி கிடக்கும் வயதுப் பிள்ளைகளையும் கவனியுங்கள். அவர்களுக்கு வேறு நோன்பு கொடுங்கள். இரவு முழுவதும் கடலில் வலை இழுப்பவருக்கும், கல்லும் சீமெந்தும் சுமப்பவருக்கும் வயிற்றை வாட்டும் நோன்பைத் திருச்சபை ஒருகாலமும் வற்புறுத்தியதில்லை.

அவர்களுக்குப் பொருந்தும் நோன்பு ஒன்று உண்டு. நம் பங்குகளில் ஆண்கள் பலர் அதைச் செய்தும் வருகிறார்கள். தவக்காலம் முழுவதும் குடிப்பதில்லை என்பது அது. அந்த நாற்பது நாட்களில் சில வீடுகளில் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆனால் உயிர்ப்பு ஞாயிறு நண்பகலிலேயே போத்தல் திறக்கிறது. நாற்பது நாளுக்கும் சேர்த்துக் குடிக்கும் கொடுமையைப் பெண்கள் அறிவார்கள். இதற்குத் தனி மனிதரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாற்பது நாள் குடியை விட்டவர் பெரிய சாதனை செய்தவர். அவரோடு உயிர்ப்புக்குப் பிறகு வரும் ஐம்பது நாட்களும் நடக்க நாம் எவரையாவது நியமித்தோமா? வின்சென்ட் டி போல் சபையினரும் மரியாயின் சேனையினரும் வீடு சந்திப்பதில் கைதேர்ந்தவர்கள். பாஸ்காக் காலத்தில் அந்த வீடுகளின் படியை மிதிக்க அவர்களைக் கேளுங்கள். ஐஸ் போதைப்பொருள் பாடசாலை வாசல் வரை வந்துவிட்ட ஊரில் இது தள்ளிப்போடக்கூடிய வேலை அல்ல.

இப்போது காசுக்கு வருகிறேன். நோன்பில் இதுவே நாம் அதிகம் தவிர்க்கும் பகுதி. 5ஆம் நூற்றாண்டின் பாப்பரசர் பெரிய லியோ தம் தவக்கால மறையுரைகளில் திரும்பத் திரும்பச் சொன்னது, நோன்பிருப்பவர் உண்ணாமல் விட்டது ஏழையின் உணவாக வேண்டும் என்பது. அறக்குளாவை விட்டு மரக்கறி உண்டால் அந்த விலை வித்தியாசம் யாரிடம் போகிறது? பெரும்பாலும் நம் பையிலேயே இருக்கிறது. தவக்காலக் காணிக்கை உறையில் ஏதோ ஒரு தொகையை வைத்துக் கடைசி ஞாயிறு கொடுக்கிறோம், திருச்சபையின் சமூகப் பணி நிறுவனமான கரித்தாஸின் பணிக்கு அது போகிறது, நல்லது. அந்தத் தொகைக்கும் நாம் உண்ணாமல் விட்டதற்கும் தொடர்பு இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். ஒவ்வொரு வெள்ளி இரவும் சமைக்காத கறியின் விலையைப் பிள்ளையின் கையாலேயே உறைக்குள் வைக்கச் செய்யுங்கள். கணக்கு எளிது, பிள்ளைக்கும் விளங்கும்.

திருநீற்றுப் புதனுக்கு அடுத்து வரும் வெள்ளிக்கிழமைத் திருப்பலியில் முதல் வாசகம் எசாயா 58. தவக்காலம் தொடங்கி மூன்றாம் நாளே திருச்சபை அந்தக் கடுமையான பகுதியை நம் முன்னே வைக்கிறது. நோன்பு நாளிலும் உங்கள் ஆதாயத்தையே தேடுகிறீர்கள், உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள் என்று இறைவாக்கினர் கேட்கிறார். நுகத்தை உடைப்பதும், பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், வீடற்றவரை வீட்டுக்குள் அழைப்பதும் நான் தேர்ந்த நோன்பு என்று கடவுள் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக் காலைப் பூசைக்கு வருபவர்கள் சிலர்தான். அந்த வாசகத்தை முதல் ஞாயிறு மறையுரைக்குள் கொண்டுவரும்படி பங்குத்தந்தையரை இரந்து கேட்கிறேன்.

ஏனென்றால் அந்த நுகத்துக்கு யாழ்ப்பாணத்தில் முகவரி இருக்கிறது. நுண்கடன் வாங்கிய பெண் வாரத் தவணை வசூலிக்க வருபவருக்குப் பயந்து பின்கதவால் போகிறாள். அவள் நம் பங்கில்தான் பூசை காண்கிறாள். வட்டிக்குக் காசு கொடுப்பவரும் அதே பூசையில் நற்கருணை வாங்குகிறார். நாற்பது நாட்களுக்கு வட்டியை நிறுத்தி வைக்கிறேன் என்று அவர் ஒருவர் தீர்மானித்தால், அது எத்தனை பேர் இறைச்சியை விட்டதற்குச் சமம்? வெளிநாட்டுக் காசில் வீடு கட்டுவோர் மேசனின் கூலியை மாதக்கணக்கில் இழுத்தடிக்காமல் சனிக்கிழமையே கொடுப்பது நோன்பு. அடகில் கிடக்கும் ஓர் ஏழைப் பெண்ணின் தாலிக்கொடியை, பெயர் வெளியே வராமல், அயல்வீட்டுக் குடும்பங்கள் கூடும் ஓர் அன்பியம் சேர்ந்து மீட்டுக்கொடுப்பது நோன்பு. பெரிய தொகையென்றால் இரண்டு அன்பியங்கள் சேரட்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் அரைகுறையாகிவிடும். சாதி பார்ப்பதை நாம் ஆலயத்துக்கு வெளியே விட்டுவிடவில்லை. பழைய காலத்தில் இருக்கையிலும் சேமக்காலைக் கல்லறைகளிலும் வெளிப்படையாக இருந்தது, இன்று கலியாணப் பேச்சிலும் சுரூபம் தூக்குவோர் பட்டியலிலும் வட்டாரப் பிரிப்பிலும் குரலைத் தாழ்த்திப் பேசப்படுகிறது. இறைச்சியை விடுவதற்குத் தயாராக இருக்கும் குடும்பம், "அவர்கள் எந்தப் பகுதி?" என்று விசாரிப்பதை நாற்பது நாட்கள் விடத் தயாரா? இதை நான் கோபத்தோடு எழுதவில்லை. பெரும் வேதனையோடு எழுதுகிறேன். நெற்றியில் ஒரே சாம்பலைப் பூசிக்கொண்டு, நீ மண்ணாயிருக்கிறாய் என்ற ஒரே வார்த்தையைக் கேட்டவர்கள் நாம்.

அமைதி பற்றியும் ஒரு சிறு வேண்டுகோள். சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளும் முடிந்தவுடன் அறிவித்தல்களைத் தொடங்காமல், ஒலிவாங்கியை அணைத்து, பதினைந்து நிமிடம் எவரும் எதுவும் சொல்லாமல் ஆலயத்தில் இருக்க விடுங்கள். முதல் வெள்ளி எல்லோரும் நெளிவார்கள், பிள்ளைகள் கதைப்பார்கள். மூன்றாம் வெள்ளி அதற்காகவே சிலர் வருவார்கள். கச்சதீவுக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குடிநீர்கூட இல்லாத அந்தத் தீவில், தண்ணீரைச் சுமந்துகொண்டு போய், மணலில் சிலுவைப்பாதை செய்து, இரவில் அந்த மணலிலேயே படுக்கும்போது, வலை அறுபட்ட கோபத்தையும் மறந்து இராமேஸ்வரத்து மீனவரோடு ஒரே செபத்தைச் சொல்ல முடிகிறது. அந்த ஒரு இரவின் எளிமையை ஊருக்குக் கொண்டுவர முடியாதா?

ஒரு வெள்ளியை மட்டும் வேறு விதமாகச் செலவிடவும் கேட்கிறேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுகளைக் கடந்துவிட்டது. பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடியே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். கிளிநொச்சியும் நம் மறைமாவட்டம்தான். நான்காம் நிலையில் இயேசு தம் தாயைச் சந்திப்பதைத் தியானிக்கும் நாம், யாத்திரைக்குப் பிடிக்கும் பஸ்களில் ஒன்றையாவது அந்தத் தாய்மாரிடம் அனுப்பலாம். பதாகையும் உரையும் புகைப்படமும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டு, அன்றைய மதிய உணவை அவர்களோடு பகிர்ந்து, அல்லது அவர்களோடு உண்ணாமலிருந்து வந்தால் போதும்.

உங்கள் தைக் கூட்டத்தில் இவை எல்லாவற்றையும் ஏற்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் தீர்மானிக்க முடிந்தால், பெப்ரவரி 7ஆம் திகதி, திருநீற்றுப் புதனுக்கு முந்திய ஞாயிறன்று, பூசைக்குப் பின் அரை மணி நேரத்தை நோன்பைக் கற்பிக்க ஒதுக்குங்கள். சட்டம் என்ன, யாருக்கு விலக்கு, எதை விடலாம், விட்டதை யாருக்குக் கொடுக்கலாம், யாரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கலாம் என்று ஒருவர் நிதானமாகச் சொல்லட்டும். பெரியவர்களுக்குச் சொல்ல ஒரு குருவானவரோ துறவியோ வேண்டும். மறைக்கல்விப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். அயற்பங்குகள் கேட்டாலும் வருவேன். பசாம் படிக்கக்கூடிய முதியவர்களின் பெயர்களை ஒவ்வொரு வட்டாரத்திலும் விசாரித்து, கூட்டத்துக்கு முன் உங்களிடம் கையளிக்கிறேன்.

கிறிஸ்துவில் உங்கள் சகோதரி,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்
யாழ்ப்பாணம்